மேலே ஓர் ஆள்

கிர்க்பெக், யார்க்‌ஷயர்
1984 ஜனவரி 15, ஞாயிறு

அன்புத் தம்பி வில்ஃபுக்கு,

அக்கா தெல்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம்தான். முழங்கால் மட்டும் குளிரில் முனகுகிறது. உன் தீவில் இந்த மாதம் வெளிச்சம் எத்தனை மணி நேரம் இருக்கிறது? இருமல் விட்டதா? கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. உள்ளே உன் பெயர் மட்டும் இருந்தது. அடுத்த வருடமாவது இரண்டு வரி சேர்த்து எழுது.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மற்ற நாட்கள் சீஸ் பண்ணையில் பால் சோதிப்பதில் ஓடிவிடுகின்றன. இருபத்துநாலு வருடம் கணவராக இருந்தவர் என்னை விட்டு மூன்று தெரு தள்ளிக் குடிபோனதில் உள்ள சங்கடம் என்ன தெரியுமா? ஆற்றங்கரைக்குப் போக ஊரில் ஒரே வழி, அது என் வாசல் வழி. ஞாயிறு மதியம் ராயும் அந்தக் கம்பளிக் கடை ஷீலாவும் கைகோத்துக்கொண்டு போவார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நிற்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

நூலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று மலை ஏறும் கூட்டம். இன்னொன்று குகைக்குள் இறங்கும் சங்கம். "புதியவர்கள் வரலாம், பெண்களும் வரலாம்" என்று போட்டிருக்கிறது. வயதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் இரண்டையும் மாறி மாறிப் படிப்பதைப் பார்த்து நூலகக்காரி சிரித்தாள். "மலையா, குழியான்னு யோசிக்கிறீங்களா? ரெண்டும் கடைசில முழங்காலத்தான் கேக்கும்" என்றாள்.

நீ டெர்பிஷயரில் வங்கி வேலையில் இருந்தபோது ஒரு வாரம் மலை, ஒரு வாரம் குகை என்று அலைந்தவன். என் குணமும் உனக்குத் தெரியும். எனக்கு எது பொருந்தும், சொல்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் படகுத்துறைக்குப் போகாதே.

உன் அக்கா,
தெல்மா


யெல் தீவு, ஷெட்லாந்து
1984 பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. ஜனவரியில் ஆறு மணி நேர வெளிச்சம், இப்போது எட்டாகியிருக்கிறது. வேலை எப்போதும்போல. படகு வருகிறது, கயிற்றைக் கட்டுகிறேன். படகு போகிறது, அவிழ்க்கிறேன்.

நீ கேட்டதற்கு என் பதில், மலை. யோசிக்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். யாராவது "இப்படி வா, அங்கே கால் வை" என்று அதிகாரம் பண்ணினால் உனக்கு ஆகாது. குகைக்குள் முழுக்க முழுக்கச் சொன்னபடிதான் நடக்க வேண்டும். மலையில் உன் கால், உன் வேகம். பிடிக்காவிட்டால் பாதியில் திரும்பலாம். குகையில் அது நடக்காது. மழை வந்தால் மலையில் நனைவாய், குகைக்குள் தண்ணீர் உன்னைத் தேடிக்கொண்டு வரும். அப்புறம், நீ சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்தவள். வீட்டின் கீழே நிலக்கரி அறையில் கதவு சாத்திக்கொண்டு நீ அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மலையில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். உன்னைப்போல் வெளிப்படையானவர்களுக்கு அதுதான் சரி. நல்ல பூட்ஸ் வாங்கு, கணுக்காலுக்கு மேல் வருவதாக. காலுறை இரண்டு போடு. திசைகாட்டி எப்படிப் பார்ப்பது என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன்.

அந்தக் குகை அறிவிப்பை மறந்துவிடு. முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி,
வில்ஃப்


கிர்க்பெக்
1984 மார்ச் 18, ஞாயிறு

அன்புத் தம்பி வில்ஃபுக்கு,

நலமா? உன்னிடமிருந்து இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் வந்து பன்னிரண்டு வருடமாவது இருக்கும். பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

ஒரு திருத்தம். நிலக்கரி அறையில் அழுதது நீ. நான் பந்தயம் கட்டி ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். நீதான் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, வெளிய வா, அக்கா, வெளிய வா" என்று தேம்பினாய். அப்போது உனக்கு ஐந்து வயது.

இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். முதலில் மலை. பதினொரு பேர் போனோம், பாதை குறுகல், இரண்டு இரண்டு பேராக நடக்க வேண்டும். ஒற்றையாக நடந்தது யார் என்று நீயே சொல்லிவிடுவாய். உச்சியில் எல்லாரும் சாண்ட்விச்சைப் பிரித்து, "ஆகா, எவ்வளவு தூரம் தெரியுது பாருங்க" என்றார்கள். தெரிந்தது. எங்கள் ஊர் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுப் புகைபோக்கியும் தெரிந்தது. மூன்றாம் தெருவில் அந்த வீட்டுப் புகையை நான் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் கூட்டத்தோடு போகாமல் தனியாக ஏறிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை மனதுக்குள் ராயோடு சண்டை போட்டுக்கொண்டே ஏறினேன். உச்சிக்குப் போனபோது வழக்கில் நான்தான் ஜெயித்திருந்தேன். சொல்ல ஆளில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு குகை. தலைவர் டெனிஸ் மெட்கால்ஃப், குழாய் வேலை செய்பவர், பெரிய வாய். ஒரு பிளவுக்குள் நான் மாட்டிக்கொண்டு தவித்தபோது, "தெல்மா, வயித்த உள்ள இழுத்துக்கோங்க. பாறை இழுத்துக்காது!" என்று கத்தினார். எனக்குக் கோபமே வரவில்லை. சிரித்துவிட்டேன், சிரித்ததில் வயிறு உள்ளே போய் நானும் வெளியே வந்துவிட்டேன். உள்ளே விளக்கு காட்டுகிற இடம் மட்டும்தான் உலகம். அடுத்த கையை எங்கே வைப்பது, அடுத்த காலை எங்கே வைப்பது. வேறொன்றுக்கும் மனதில் இடமில்லை. ஐந்து மணி நேரம் ராயை நினைக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான், நினைக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

கிளம்புவதற்கு முன் ஒரு சீட்டு நிரப்பச் சொன்னார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். எந்தக் குகை, யார் யார், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், மேலே காத்திருக்கும் ஆள் யார். "மேல் ஆள்" என்கிறார்கள் இங்கே. சொன்ன நேரத்தில் தகவல் வராவிட்டால் அந்த ஆள்தான் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். எல்லாரும் மனைவி பெயரை எழுதினார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெனிஸின் மனைவி பிரெண்டாதான், "என் பேரப் போட்டுக்கோங்க. எனக்கு எல்லாத் தடியங்களும் ஒண்ணுதான்" என்றாள்.

எனக்குக் குகைதான் பொருந்தும்போல இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

மீன் மட்டும் தின்றுகொண்டு இருக்காதே, காய்கறியும் சாப்பிடு.

அக்கா,
தெல்மா


(அஞ்சலட்டை, துறைமுகப் படம்)

யெல், 1984 ஏப்ரல் 2

அக்கா, நலம். காற்று பலம், படகு இரண்டு நாளாக இல்லை. மலைக்கே போ. இரண்டு முறை போனதை வைத்து முடிவு செய்யக்கூடாது. கோடை வந்தால் மலை வேறு மாதிரி இருக்கும். வில்ஃப்.


கிர்க்பெக்
1984 மே 6, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஈஸ்டருக்கு எழுதினேன், பதில் இல்லை. அஞ்சலட்டைக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள் என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். கடைக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியிலிருந்து நீயாகக் கூப்பிட்டால்தான் உண்டு. நீ கூப்பிடுவதும் இல்லை.

சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சந்தா கட்டி, ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை. உன் நண்பன் கோலின் குகைக்குள் இறந்ததை நான் மறக்கவில்லை, வில்ஃப். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று நீ உள்ளே போகவில்லை என்று அம்மா எத்தனை முறை கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பாள். அந்தப் பயம் உனக்கு இருக்கும், நியாயம்தான். ஆனால் டெனிஸ் கவனமானவர். மழை என்றால் இறங்க மாட்டார்.

போன வாரம் ஒரு வேடிக்கை. நாலு மணிக்கு வருவோம் என்று எழுதிவைத்துவிட்டு, ஏணியில் நேரமாகி, வெளியே வரும்போது ஐந்தாகப் பத்து நிமிடம். "பிரெண்டா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பா" என்று பயந்துகொண்டே டெனிஸ் ஓடினார். பிரெண்டா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சீட்டு சமையலறை மேசையில் டீக்கோப்பைக்கு அடியில் கிடந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கும்போது சிரிப்பு வரவில்லை.

சரி, அதை விடு. ஒரு வரியாவது எழுது.

அக்கா,
தெல்மா


யெல்
1984 ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை நாலைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை நிறுத்தாமல் எழுதி, படித்துப் பார்க்காமல் ஒட்டி அனுப்பப் போகிறேன்.

நீ பிரெண்டாவைப் பற்றி எழுதியதை என்னால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கோலின் இறந்த அன்று மேல் ஆள் நான்தான்.

1968 நவம்பர். எனக்குச் சளி, அதனால் இறங்கவில்லை. கோலினும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஆறு மணிக்கு வருவோம் என்று சீட்டில் கோலின்தான் எழுதி என் கையில் கொடுத்தான். நான் ஊர் விடுதியில், தொலைபேசிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை ஆரம்பித்திருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் இதேபோல் காத்திருந்தபோது, பத்து நிமிடம் கடந்ததும் மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிட்டேன். அவர்கள் கயிறும் தூக்குப்படுக்கையுமாக வந்து இறங்கும்போது நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஆயா என்று பெயர். "என்ன ஆயா, எங்களுக்குப் பால் கொண்டாந்தியா?" என்பார்கள். வங்கிக்கே போன் பண்ணி ஆயாவைக் கூப்பிடச் சொல்வார்கள். கோலின்தான் அதிகம் சொல்வான். கெட்ட எண்ணத்தோடு இல்லை.

ஆறு ஆனது. ஆறரை பார்ப்போம் என்றேன். ஏழு ஆனது. இப்போது கூப்பிட்டால் மறுபடியும் ஆயா என்பார்கள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை, அக்கா, அது மட்டும்தான். எட்டுக்கு எழுந்து தொலைபேசிவரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒன்பதுக்குக் கூப்பிட்டேன்.

தண்ணீர் ஏறியிருந்தது. மற்ற இருவரும் மேட்டில் ஒண்டிக்கொண்டார்கள். கோலினுக்குக் கால் முறிந்திருந்தது, ஓடும் தண்ணீரை ஒட்டிக் கிடந்திருக்கிறான். குளிரிலேயே போய்விட்டான். மீட்புக் குழு போய்ச் சேரும்போது உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்ததாம். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சொல்ல முடியாது என்றுதான் சொன்னார், பிழைத்திருக்க மாட்டான் என்று சொல்லவில்லை.

விசாரணையில், எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார்கள் என்று கேட்டார்கள். எட்டரை என்றேன். சீட்டை அதற்கு முன்பே விடுதி அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் எழுதியிருந்த நேரம் மற்ற இருவருக்கும் தெரியாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைடா, நீ அங்க இல்ல" என்றாள். கோலினின் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் டீ கொடுத்து, அவன் நண்பன் என்று என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1976-ல் அவரும் இறந்துவிட்டார். சொல்ல வேண்டியவர் யாரும் இப்போது இல்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

மலைதான் உனக்குப் பொருந்தும் என்று நான் எழுதியதெல்லாம் பொய். உன் குணத்துக்குக் குகைதான். முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும்.

இங்கே இப்போது இருட்டுவதே இல்லை.

வில்ஃப்


கிர்க்பெக்
1984 ஆகஸ்ட் 5, ஞாயிறு

வில்ஃபுக்கு,

நலம்தான். ஏழு வாரம் எழுதவில்லை. மறந்து இல்லை.

முதல் மூன்று வாரம் கோபம். அந்தக் கிறிஸ்துமஸ் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா உன் தட்டில் பெரிய துண்டாக வைத்தாள், நீ முழுவதும் சாப்பிட்டாய். அதை நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். அப்புறம், ஒருநாள் பண்ணையில் குழாயைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, முழுவதும் சாப்பிடாமல் விட்டிருந்தால் அம்மா ஏன் என்று கேட்டிருப்பாள் என்று தோன்றியது. அதோடு அந்தக் கோபம் நின்றது. மற்றது நிற்கவில்லை. சீட்டை எரித்தாய் பார், அது.

பரவாயில்லை என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. மன்னிக்க நான் கோலினின் ஆள் இல்லை. உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. இருபத்துமூன்று வயதுப் பையனைக் கிண்டல் பண்ணினால் அவன் என்னவெல்லாம் செய்வான் என்று எனக்குத் தெரியும். நாற்பத்தேழு வயதுப் பொம்பளையே திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறாள்.

நீ அந்தத் தீவுக்குப் போனதும், தொலைபேசி வேண்டாம் என்றதும், வேலையை விட்டதும் எதனால் என்று இப்போது புரிகிறது. உனக்கு எங்கள்மேல் பாசம் விட்டுப்போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனாள்.

ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் முடியாது என்று எழுது. எனக்கு மேல் ஆள் வேண்டும். பிரெண்டா நல்லவள்தான், ஆனால் அவளுக்கு நான் ஆறு பேரில் ஒருத்தி. நேரத்தை விட்டுக் கண்ணெடுக்காத ஆள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவன்தான். அவன் வீட்டில் தொலைபேசி இல்லை.

யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தெல்மா அக்கா


யெல்
1984 செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தொலைபேசி இலாகா ஆட்கள் நேற்றுத்தான் வந்தார்கள், தீவு என்பதால் இத்தனை நாள். எண் மேலே எழுதியிருக்கிறேன். முன்னறையில், நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

உன் சங்கத்திடம் ஒன்று சொல்லிவிடு. சீட்டில் எழுதிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் நான் கூப்பிடுவேன். யார் சிரித்தாலும் கூப்பிடுவேன். அதற்குச் சம்மதம் என்றால் என் பெயரை எழுது. இல்லையென்றால் வேண்டாம்.

வேறு ஒன்றும் இல்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது, நீயும் கம்பளி போட்டுக்கொள்.

வில்ஃப்


கிர்க்பெக்
1984 அக்டோபர் 21, ஞாயிறு

அன்புத் தம்பி வில்ஃபுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம். தோள் மட்டும் இன்னும் தூக்க முடியவில்லை. நாம் அன்றைக்குத் தொலைபேசியில் ஒன்றும் பேசவில்லை. நான் "வில்ஃப், வந்துட்டேன்" என்றேன். நீ "சரி" என்றாய். அவ்வளவுதான். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

போன ஞாயிறு நாலு பேர் இறங்கினோம். சீட்டில் ஐந்து மணி என்று டெனிஸ் எழுதினார், மேல் ஆள் வில்ஃப்ரெட் என்று நான் எழுதினேன். "ஷெட்லாந்தா! அங்கேயிருந்து கூப்பிட்டா எங்க குரல் கேக்குமா?" என்று கேலி. திரும்பி வரும்போது நாற்பதடி ஏணி. பாதியில் என் கைகள் விட்டுப்போயின. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இடுப்பில் கயிறு இருந்தது, விழமாட்டேன், ஆனால் தொங்கிக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து டெனிஸ், "அவசரமே இல்ல தெல்மா, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள வந்தாப் போதும்" என்று ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் மணியை நினைத்தேன். ஐந்து ஆகியிருக்கும், தம்பி எழுந்திருப்பான் என்று நினைத்தேன். அதை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினேன்.

வெளியே வந்தபோது ஐந்து முப்பத்தைந்து. சாரலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. மீட்புக் குழுக்காரர்கள் ஒன்பது பேர், எண்ணெய்த்துணி மழைக்கோட்டுகள், ஒருவர் கையில் கடித்த ரொட்டி அப்படியே இருக்கிறது, ஞாயிறு சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். டெனிஸுக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்படியே திரும்பக் குழிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

குழுவின் தலைவர் பெரிய தாடிக்காரர், விவசாயி. அவர்தான் என்னிடம் வந்தார். "நீங்கதான் அக்காவா? உங்க தம்பிகிட்ட நான் சொன்னேம்மா, 'ஒரு மணி நேரம் பொறுங்க சார், எல்லாரும் லேட்டாத்தான் வருவாங்க'ன்னு. 'பொறுத்துப் பாத்தவன்தான்யா பேசறேன்'னார். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்கல. வண்டிய எடுத்துட்டேன்" என்றார். என் கையில் டீயைக் கொடுத்தார்.

மதுக்கடையில் ஒரே சிரிப்பு. "தெல்மாவோட தம்பிக்கு!" என்று கோப்பையைத் தூக்கினார்கள். மறுநாள் கம்பளிக் கடை வாசலில் நின்றுகொண்டு ஷீலா, "என்ன, உங்க தம்பி ஊரையே கூட்டிட்டாராமே?" என்றாள். "ஆமா, எனக்குன்னா கூட்டுவான்" என்றேன். இரண்டு வருடத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

வியாழக்கிழமை டெனிஸ் வீட்டுக்கு வந்தார். "தெல்மா, ஒண்ணு உங்க தம்பிய ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்க, இல்ல வேற ஆளப் போடுங்க. இப்படியே போனா அவங்க நிஜமா வேணுங்கறப்ப வரமாட்டாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "தம்பிய மாத்த மாட்டேன். அஞ்சுக்கு வருவோம்னு தெரிஞ்சா ஆறுன்னு எழுதுங்க. ஆறு தாண்டினா அவன் கூப்பிடுவான்" என்றேன். "ஏன் இவ்வளவு பிடிவாதம்? என்னதான் ஆச்சு அவருக்கு?" என்று கேட்டார். உன் விஷயம் என் வாயிலிருந்து வராது, வில்ஃப். "அவன் அப்படித்தான், சின்ன வயசுலேர்ந்து" என்று சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

சங்கத்தில் இப்போது எனக்கு ஆயாவின் அக்கா என்று பெயர் வைக்கவில்லை. அந்தச் சொல் அவர்களுக்குத் தெரியாது. வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான்.

இதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வீடு பழையபடிதான் இருக்கிறது. ஒரு தட்டு, ஒரு கோப்பை. குகை அதை மாற்றும் என்று நினைத்தேனோ என்னவோ, மாற்றவில்லை. ஆனால் அந்த ஏணியில் தொங்கிய நேரத்தில் எனக்குப் பயமே இல்லை, அது உனக்குத் தெரிய வேண்டும்.

நீ அன்று மாலை என்ன செய்தாய்? எழுது.

அக்கா,
தெல்மா


யெல்
1984 நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நலம். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குளிர்ந்த பண்ணையில் நிற்கும் வேலை, விட்டால் வலி ஒட்டிக்கொள்ளும்.

அன்று மாலை என்ன செய்தேன் என்று கேட்டாய். நாலு மணியிலிருந்து நாற்காலியில் இருந்தேன். ஐந்து அடித்தது, ஒரு நிமிடம் போனது, எடுத்துச் சுழற்றினேன். காவல் நிலையத்திலிருந்து அந்தத் தாடிக்காரரிடம் இணைத்தார்கள். அவரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, நீ எழுதித்தான் தெரிகிறது. வைத்த பிறகு நின்றுகொண்டே இருந்தேன். நீ வந்து சேர்ந்து, எங்கிருந்தோ கூப்பிடும்போது ஆறாகப் பத்து நிமிடம். நாற்பத்தொன்பது நிமிடம். பேச எவ்வளவோ வைத்திருந்தேன், உன் குரல் கேட்டதும் "சரி"தான் வந்தது. நீ வைத்த பிறகு அதில் வந்த இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறரைப் படகுக்குக் கயிறு பிடிக்க வேண்டும், ஓடினேன். படகில் அந்த முனையில் மேக்னஸ். பன்னிரண்டு வருடமாக அவர் வீசுகிறார், நான் பிடிக்கிறேன். "என்னப்பா முகம் இப்படி இருக்கு? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கத்தினார்.

"இல்ல. எங்க அக்கா மேல வந்துட்டா" என்றேன்.

"எங்கேயிருந்து?"

"குகையிலேர்ந்து."

அவர் கயிற்றை வீசாமல் அப்படியே நின்றார். "உனக்கு அக்கா இருக்காளா?" என்றார். "பன்னெண்டு வருஷமா ஒரே கயித்தோட ரெண்டு முனையப் புடிச்சிட்டிருக்கோம். உனக்கு அக்கா இருக்கறது எனக்குத் தெரியாதேப்பா."

"இருக்கா. சீஸ் பண்ணையில வேலை பாக்கறா. பேரு தெல்மா" என்றேன்.

அவர் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். படகு அசைந்தது, பின்னால் வண்டிக்காரர்கள் ஒலி எழுப்பினார்கள், அவர் கயிற்றை வீசினார், நான் பிடித்துக் கட்டினேன். கடைசி வண்டியும் இறங்கியது. படகு திரும்பும்போது கையைத் தூக்கி, "அக்காவக் கேட்டதாச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

கோலினை நினைக்காத நாள் இல்லை, இனியும் இருக்காது. அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது, நானும் முடியாது. ஞாயிறு மட்டும் எனக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. நீ குகைக்குப் போகாத ஞாயிறும் நாலு மணிக்கு அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழகிவிட்டது.

அடுத்த தடவை எத்தனை மணி என்று எழுது.

உன் தம்பி,
வில்ஃப்